குறட்டை நின்றது, தலை தெளிந்ததா? வாய்க்கருவி போடத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்லீப் ஆப்னியா என்கிற தூக்க மூச்சுத்தடை உள்ள வீட்டில் பெரும்பாலும் இரண்டு புகார்கள் இருக்கும். ஒன்று பக்கத்தில் படுப்பவருடையது: "குறட்டை தாங்க முடியல. நடுவுல மூச்சே நின்னு போகுது, பயமா இருக்கு." மற்றது தூங்குகிறவருடைய சொந்தப் புகார். அதை அவர் லேசில் வெளியே சொல்ல மாட்டார். நன்றாகப் பழகியவரின் பெயர் வாயில் வராது. ஒரே பத்தியை நாலு தடவை படித்தும் மனதில் தங்காது. அறைக்குள் போய் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று யோசிப்பார். முதல் புகாருக்கு வைத்தியம் தேடுவார், இரண்டாவதை வயசாகிவிட்டது என்று தள்ளிவிடுவார். நானும் அப்படித்தான் தள்ளினேன். அப்போது எனக்கு வயது 41.

இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. வைத்தியத்துக்குப் போகிறவர்கள் குறட்டைக்காகப் போகிறார்கள், குறட்டை நின்றதும் வேலை முடிந்தது என்று வந்துவிடுகிறார்கள். தலை தெளிந்ததா என்று அளந்து பார்ப்பவர் குறைவு. தூங்கும்போது கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடித்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் வாய்க்கருவியைப் போடப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: தூக்கத்தைத் தனியாக அளக்க வேண்டும், தலையைத் தனியாக அளக்க வேண்டும், இரண்டையும் கருவிக்கு முன்பும் பின்பும் அளக்க வேண்டும். நான் டாக்டர் இல்லை. சில ஆண்டுகளாகக் கருவி போட்டுத் தூங்குகிறவன், இது பற்றி வந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தவன். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இரவில் நடப்பது

தூங்கும்போது தசைகள் தளரும். நாக்கின் அடிப்பகுதியும் தொண்டையின் மென்சதையும் சேர்ந்து தளர்ந்து பின்னால் சரியும். காற்றுவழி இயல்பிலேயே குறுகலாக உள்ளவர்களுக்கு அது அப்படியே மூடிக்கொள்ளும். நெஞ்சு இழுத்துக்கொண்டே இருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. 10 விநாடியோ அதற்கு மேலோ இப்படி நின்றால் ஒரு தடை என்று கணக்கு. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும், மூளை திடுக்கிட்டு அரை விழிப்புக்கு வரும், தொண்டை திறக்கும், பெரிதாக ஒரு மூச்சு, மறுபடி தூக்கம். காலையில் இதில் ஒன்றுகூட நினைவிருக்காது. மணிக்கு 30 தடவை இப்படி ஆகிறவரை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை யாரோ தோளைத் தட்டி எழுப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் மூளைக்கு இரண்டு வகையில் அடி விழுகிறது. பகலில் பார்த்ததையும் கற்றதையும் நினைவில் பதிய வைக்கும் வேலை ஆழ்ந்த தூக்கத்திலும் கனவுத் தூக்கத்திலும் நடக்கிறது. தடைகள் அந்தத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடுகின்றன. கனவுத் தூக்கத்தில்தான் தசைகள் மிகவும் தளர்கின்றன என்பதால் பலருக்குத் தடைகள் அங்கேயே அதிகம். இரண்டாவது அடி, ஆக்ஸிஜன் இரவு முழுக்க ஏறி இறங்குவது. நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகேம்பஸ் பகுதியும், திட்டமிடல், கவனம், சுயகட்டுப்பாடு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் முன்மூளையும் இந்த ஏற்ற இறக்கத்துக்குச் சீக்கிரம் வாடுகின்றன.

அதனால்தான் பாதிப்பு ஒரு தினுசாக இருக்கும். கவனம் சிதறும், கையில் உள்ள வேலையின் அடுத்த கட்டம் மறந்துபோகும், கோபம் சட்டென்று வரும். பேச்சும் பொது அறிவும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்.

முதல் படி: தூக்கப் பரிசோதனை

கருவிக்குப் போவதற்கு முன் ஸ்லீப் ஸ்டடி. இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கிச் செய்வது ஒரு வகை, வீட்டிலேயே சிறு கருவியைக் கட்டிக்கொண்டு தூங்குவது இன்னொரு வகை. வீட்டுப் பரிசோதனையில் பெரும்பாலும் மூளை அலைகளைப் பதிவதில்லை. படுக்கையில் கிடந்த நேரம் முழுவதையும் தூங்கிய நேரமாகக் கணக்கிடுவதால் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாக வரலாம். அறிகுறிகள் பலமாக இருந்தும் முடிவு ஒன்றுமில்லை என்று வந்தால் ஆய்வகப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

அறிக்கையில் எல்லோரும் பார்ப்பது ஏ.எச்.ஐ. என்கிற எண். ஒரு மணி நேரத் தூக்கத்தில் மூச்சு எத்தனை முறை நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு அது. பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இயல்பு. 5 முதல் 15-க்குள் லேசானது. 15 முதல் 30-க்குள் நடுத்தரம். 30-உம் அதற்கு மேலும் கடுமை. அதோடு நிற்காமல் இன்னும் மூன்றைப் பாருங்கள்: ஆக்ஸிஜன் எவ்வளவு தூரம் இறங்கியது, மல்லாந்து படுத்தபோது எண்ணிக்கை எவ்வளவு, தடைகள் தொண்டை அடைப்பால் வந்தவையா அல்லது மூச்சுவிடச் சொல்லும் உத்தரவே மூளையிலிருந்து வராததால் வந்தவையா. கடைசியாகச் சொன்ன வகைக்குத் தாடையை முன்னால் இழுக்கும் கருவி உதவாது.

இரண்டாம் படி: கருவிக்கு முன்பே தலையை அளந்து வையுங்கள்

எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான். கருவி போட்டு மூன்று மாதம் கழித்து "இப்போது தலை எப்படி இருக்கிறது" என்று கேட்டால் "பரவாயில்லை" என்போம். எதைவிடப் பரவாயில்லை?

தூக்கம் கெட்ட மூளை தன்னைத்தானே எடைபோடுவதில் மகா மோசம். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 48 பேரின் தூக்கத்தைக் கட்டுப்படுத்தினார்கள். இரவுக்கு 6 மணி நேரம் மட்டும் என்று 14 நாள் தூங்கியவர்கள், முழு இரவுகள் கண் விழித்தவர்களைப் போலக் கவனச் சோதனையில் சறுக்கினார்கள். ஆனால் எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அவர்களையே கேட்டபோது, முதல் சில நாளுக்குப் பிறகு அந்த அளவு பெரிதாக ஏறவே இல்லை. மந்தம் கூடிக்கொண்டே போனது, மந்தமாக இருக்கிறோம் என்ற உணர்வு மட்டும் கூடவில்லை. இரண்டு வாரத்திலேயே இப்படி என்றால், பல ஆண்டு தூக்கம் கெட்ட நம் சொந்த மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம்?

ஆகவே எழுதி வையுங்கள். என் பழக்கத்தில் மூன்று போதும்.

முதலாவது, எப்வொர்த் தூக்க அளவுகோல். மெல்போர்னின் எப்வொர்த் மருத்துவமனையில் மரே ஜான்ஸ் என்ற மருத்துவர் உருவாக்கி 1991-இல் வெளியிட்டது. உட்கார்ந்து படிக்கும்போது, டி.வி. பார்க்கும்போது, வாகனத்தில் பயணியாகப் போகும்போது என்று எட்டுச் சூழல்கள். ஒவ்வொன்றிலும் கண் அசரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 24. 10-க்கு மேல் போனால் பகல் தூக்கம் அதிகம் என்று பொருள். நீங்கள் போட்ட பிறகு, உங்களோடு வசிப்பவரிடமும் உங்களைப் பற்றிப் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் நான் எனக்கு 8 போட்டேன், என் மனைவி எனக்கு 15 போட்டாள். யார் போட்டது சரி என்பதைப் பிறகு ஸ்லீப் ஸ்டடி சொன்னது.

இரண்டாவது, எதிர்வினை வேகச் சோதனை. திரையில் குறி தோன்றியதும் தட்ட வேண்டும், அவ்வளவுதான். 1985-இல் டேவிட் டின்ஜஸ், ஜான் பவல் இருவரும் அறிமுகப்படுத்திய இந்தச் சோதனை 10 நிமிடம் நீளும். அரை விநாடிக்கு மேல் தாமதமானால் அது ஒரு தவறல். சாதாரணமாகத் தெரியும் இந்தச் சலிப்பூட்டும் விளையாட்டு தூக்கக் குறைவைக் கண்டுபிடிப்பதில் கெட்டி, ஏனென்றால் இதில் பயிற்சியாலோ புத்திசாலித்தனத்தாலோ தப்பிக்க வழி குறைவு. கைப்பேசியில் இதன் குறு வடிவங்கள் கிடைக்கின்றன. அந்த எண்களை வைத்து உங்களை மற்றவரோடு ஒப்பிட வேண்டாம். ஒரே கைப்பேசி, ஒரே நேரம், ஒரே இடம் என்று ஒரு வாரம் செய்து சராசரியை எழுதி வைத்தால், உங்களை உங்களோடு ஒப்பிட உதவும்.

மூன்றாவது, உங்கள் வாழ்க்கையிலிருந்தே எடுத்த ஐந்து விஷயங்கள். என் பட்டியலில் இருந்தவை: சாவியைத் தேடிய தடவைகள், படித்த பக்கத்தை மறுபடி படித்தது, கூட்டத்தில் "என்ன கேட்டீங்க?" என்று திருப்பிக் கேட்டது, அடுப்பை அணைக்க மறந்தது, பிள்ளைகளிடம் காரணமின்றிக் கத்தியது. இரண்டு வாரம் கோடு போட்டு எண்ணுங்கள். கடைசியில் சொன்னதை எண்ணும்போதுதான் எனக்கு உறைத்தது.

இடையில் ஓர் எச்சரிக்கை. வண்டி ஓட்டும்போது கண் அசந்திருந்தால் இந்தப் படிகளுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. ஓட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். வாய்க்கருவி சரியான நிலைக்கு வர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதுவரை காக்க வேறு சிகிச்சை வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: உங்களுக்கு ஒத்துவருமா?

வாய்க்கருவி என்பது மேல் பல்வரிசைக்கும் கீழ்ப் பல்வரிசைக்கும் மாட்டும் உறைகள். கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் நகர்த்திப் பிடித்துக்கொள்கின்றன. தாடையோடு நாக்கும் முன்னால் வருகிறது, மென்அண்ணத்தின் பின்புறமுள்ள வழி பக்கவாட்டிலும் விரிகிறது. பல்லே இல்லாதவர்களுக்கு நாக்கை மட்டும் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் குமிழ் போன்ற கருவி உண்டு. 1982-லேயே அது பற்றிய ஆய்வு வந்துவிட்டது. அது எல்லோருக்கும் பழகுவதில்லை.

இதற்குப் போட்டி சிபாப். மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் இயந்திரம், சிட்னியில் காலின் சல்லிவன் 1981-இல் கொண்டுவந்தது. தடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதில் சிபாப்தான் மேல், அதில் சந்தேகம் வேண்டாம். கடுமையான நோய்க்கு முதலில் அதையே சொல்வார்கள். ஆனால் மேசை மேல் கிடக்கும் இயந்திரம் யாருடைய தொண்டையையும் திறக்காது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரே நோயாளிகளுக்கு ஒரு மாதம் சிபாப், ஒரு மாதம் வாய்க்கருவி என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். முழுதாக முடித்தவர்கள் 108 பேர். சிபாப்பில் ஏ.எச்.ஐ. சராசரி 4.5 ஆனது, வாய்க்கருவியில் 11.1. ஆனால் வாய்க்கருவியை இரவுக்கு 6.5 மணி நேரமும், சிபாப்பை 5.2 மணி நேரமும் பயன்படுத்தினார்கள். பகல் தூக்கம், வண்டி ஓட்டும் பாவனைச் சோதனை இவற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. பலம் குறைந்த மருந்தை முழு இரவும் எடுப்பதும், பலமான மருந்தைப் பாதி இரவு எடுப்பதும் கடைசியில் ஒரே இடத்தில் கொண்டுவிடலாம்.

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகமும் தூக்கப் பல்மருத்துவக் கழகமும் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்தத் திசையில்தான் போகிறது: சிபாப் தாங்காதவர்களுக்கும் மாற்று வேண்டும் என்பவர்களுக்கும், சிகிச்சையே இல்லாமல் விடுவதைவிட வாய்க்கருவி கொடுக்கலாம், அது அவரவர் பல்லுக்குச் செய்ததாக, முன்பின் நகர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும், போட்ட பிறகு மறுபடி தூக்கப் பரிசோதனை வேண்டும்.

யாருக்குப் பலன் அதிகம்? உடல் எடை குறைந்தவர்கள், இளையவர்கள், பெண்கள், கீழ்த்தாடை சற்றுப் பின்வாங்கியவர்கள், மல்லாந்து படுத்தால் மட்டும் தடை கூடுகிறவர்கள். இவை சாய்வுகள் மட்டுமே, உத்தரவாதம் கிடையாது. ஒவ்வொரு வரிசையிலும் பிடிமானத்துக்கு எட்டுப் பத்து நல்ல பற்களாவது வேண்டும். ஈறு நோய், ஆடும் பல், தாடை மூட்டில் கடும் வலி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

நான்காம் படி: பல் டாக்டரிடம்

எந்தப் பல் டாக்டரும் இதைச் செய்துவிட முடியாது. தூக்க நோய்க்குக் கருவி செய்து பழகியவரா, வருடத்துக்கு எத்தனை செய்கிறார், பிறகு யார் கவனிப்பார் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பல்லையும் ஈறையும் மூட்டையும் பார்ப்பார், தாடையை எவ்வளவு தூரம் முன்னால் தள்ள முடிகிறது என்று அளப்பார், அச்சு எடுப்பார் அல்லது ஸ்கேன் செய்வார். முழுத் தள்ளலில் பாதி முதல் முக்கால் பங்குக்குள் ஓரிடத்தில் தொடங்குவது வழக்கம்.

சுடுநீரில் போட்டுக் கடித்து வடிவமைக்கும் மலிவுக் கருவிகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. சோதித்துப் பார்க்கலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. 2008-இல் வந்த ஓர் ஒப்பீட்டில் தனியாகச் செய்த கருவி 60 சதவீதம் பேருக்கும், சுடுநீர்க் கருவி 31 சதவீதம் பேருக்கும் பலன் தந்தது. அதைவிட மோசம், மலிவுக் கருவி தோற்றதை வைத்து "எனக்கு வாய்க்கருவியே சரிப்படாது" என்று முடிவு கட்டுவது. அந்த ஆய்வாளர்களும் சொன்னார்கள்: சுடுநீர்க் கருவியின் முடிவை வைத்து நல்ல கருவி பலிக்குமா என்று கணிக்க முடியாது.

ஐந்தாம் படி: முதல் வாரங்கள்

முதல் இரவு எச்சில் தலையணையை நனைக்கும். வாய் ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்துச் சுரக்கிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். சிலருக்கு நேர்மாறாக வாய் வறளும். அவர்கள் வாய் திறந்து தூங்குகிறவர்கள், மூக்கடைப்பு இருந்தால் அதைக் கவனிக்க வேண்டும். பழக்கப்படுத்த ஒரு வழி: படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு ஏதாவது படியுங்கள்.

காலையில் கழற்றியதும் பல் ஒன்றோடொன்று சரியாகச் சேராது. கடவாய்ப் பற்கள் தொடாமல் முன்பல் மட்டும் முட்டும். பயந்துவிடாதீர்கள். தாடை தன் இடத்துக்குத் திரும்ப அரை மணி நேரம்போல எடுக்கும். இதற்கென்றே காலையில் கடிக்கும் சின்னத் தகடு தருவார்கள். அதை டப்பாவில் பூட்டி வைக்காமல் தினமும் பயன்படுத்துங்கள், ஏனென்றால் ஆண்டுக்கணக்கில் கருவி போடுகிறவர்களுக்கு மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் உள்ள இடைவெளி உண்மையிலேயே மெல்லக் குறைந்து வருகிறது. வலிக்காது, கண்ணாடியில் சட்டென்று தெரியாது, ஆனால் நிரந்தரமாகிவிடலாம். தொடங்கும் முன்பே இதைத் தெரிந்து ஒப்புக்கொண்டு தொடங்குவது நல்லது.

பிறகு நகர்த்தல். டாக்டர் சொன்ன இடைவெளியில் திருகைத் திருப்பித் தாடையைச் சிறிது சிறிதாக, ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, முன்னால் கொண்டுவர வேண்டும். எத்தனை திருப்பு, எந்தத் தேதி, அன்றைய காலை எப்படி என்று குறித்து வையுங்கள். நான் அவசரப்பட்டு ஒரே வாரத்தில் மூன்று வாரத் திருப்புகளைப் போட்டு, கொட்டாவி விட முடியாமல் ஐந்து நாள் அவதிப்பட்டேன். மூட்டு வலித்தால் ஒரு படி பின்னால் வாருங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். அதிகம் நகர்த்தினால் அதிகப் பலன் என்று கணக்குக் கிடையாது. ஓர் எல்லைக்கு மேல் வலிதான் கூடும்.

ஆறாம் படி: கருவியோடு மறுபடி பரிசோதனை

குறட்டை நின்றுவிட்டது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, இனி எதற்கு இன்னொரு ஸ்லீப் ஸ்டடி? பாதிப் பேர் இங்கேதான் வண்டியை நிறுத்துகிறார்கள். சத்தம் என்பது சதை அதிர்வது. அதிர்வு குறைந்தும் வழி மூடிக்கொண்டே இருக்கலாம். சத்தமில்லாத தடை பக்கத்தில் படுப்பவருக்குத் தெரியாது, மூளைக்குத் தெரியும்.

வாய்க்கருவி போடுகிறவர்களில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கினருக்குத் தடைகள் ஏறக்குறைய முழுக்க நீங்கும், இன்னொரு பங்கினருக்குப் பாதிக்கு மேல் குறைந்தும் மிச்சம் இருக்கும், மீதிப் பேருக்குப் பெரிய மாற்றம் இராது. நீங்கள் எந்தப் பங்கில் இருக்கிறீர்கள் என்பதைக் கருவி வாயில் இருக்கும்போது எடுத்த பரிசோதனைதான் சொல்லும். பழைய அறிக்கையைப் பக்கத்தில் வைத்து, இந்த மூன்றையும் ஒப்பிடுங்கள்: ஆக்ஸிஜன் இறக்கம், மல்லாந்த நிலை எண்ணிக்கை, ஏ.எச்.ஐ.

ஏழாம் படி: தலைக்குத் திரும்புவது எது, எப்போது?

2005-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலியச் சோதனையில் 73 பேருக்கு நிஜக் கருவியும், தாடையை நகர்த்தாத பொய்க் கருவியும் நாலு நாலு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். நிஜக் கருவியில் பகல் தூக்கமும் சோர்வும் குறைந்தன, விழிப்புக் கவனமும் எதிர்வினை வேகமும் கூடின. மற்ற அறிதிறன் சோதனைகளில் அந்த நாலு வாரத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. வாய்க்கருவியும் மூளையும் பற்றி எனக்கு நம்பிக்கை தந்த ஆய்வு இது, அளவுக்கு மீறி ஆசைப்படாதே என்று சொன்னதும் இதுவே.

ஆசையை அடக்க இன்னொன்று. 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நிஜ சிபாப்பையும் பொய் சிபாப்பையும் ஆறு மாதம் ஒப்பிட்டார்கள். பகல் தூக்கம் குறைந்தது. அறிதிறனில் கிடைத்த லாபம் சிறியதுதான், அதுவும் நிலைக்கவில்லை. பலமான சிகிச்சைக்கே இந்த நிலை. இன்னொரு பக்கம், இத்தாலிய ஆய்வாளர்கள் கடுமையான நோயாளிகளின் மூளையைப் படமெடுத்து, சில மாத சிபாப்பில் சாம்பல்நிறப் பகுதியிலும், ஓராண்டில் வெண்நரம்புப் பாதைகளிலும் மீட்சியைக் கண்டார்கள். அவை சிறிய ஆய்வுகள், சிபாப் பற்றியவை. வாய்க்கருவிக்கு அப்படியே பொருத்தக் கூடாது. மூளையின் சேதம் முழுதும் கல்லில் எழுத்தாகிவிடவில்லை என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். வாய்க்கருவி மறதிநோயைத் தடுக்கும் என்று விளம்பரம் கண்டால் தாண்டிப் போய்விடுங்கள். அதை நிரூபித்த சோதனை இல்லை.

நடைமுறையில், பகல் தூக்கம்தான் முதலில் விலகும். அதோடு சிடுசிடுப்பும் காலைத் தலைவலியும் குறையலாம். கவனம் அடுத்து வரும். பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வருவது, ஒரே நேரத்தில் நாலு வேலையை மனதில் ஏந்துவது, இவை மெதுவாகவே வரும், சிலருக்கு முழுதும் வராமலும் போகும். என் குறிப்பேட்டில் இரண்டாம் மாதத்தில் எதிர்வினைச் சோதனையின் தவறல்கள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. கத்தலும் குறைந்தது. சாவி தேடுவது மட்டும் அப்படியே இருந்தது. அது என் சுபாவம் என்று இப்போது ஒப்புக்கொண்டுவிட்டேன்.

மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும், இரண்டாம் படியில் சொன்ன மூன்று அளவுகளையும் மறுபடி எடுங்கள். பழைய தாளைப் பார்க்காமல் நிரப்பிவிட்டுப் பிறகு பக்கத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் கை தானாக நல்ல மதிப்பெண் போடும்.

தடை குறைந்தும் தலை தெளியவில்லை என்றால்

முதலில் நேரத்தைப் பாருங்கள். கருவி வாயில் எத்தனை மணி நேரம் இருக்கிறது? விடியற்காலை மூன்று மணிக்குக் கழற்றி வைத்துவிட்டால், கனவுத் தூக்கம் மிகுந்த பிற்பகுதி இரவு முழுக்கப் பாதுகாப்பில்லாமல் போகிறது. சில கருவிகளில் வெப்ப உணரி பதித்து, போட்டிருந்த நேரத்தைப் பதிவு செய்ய முடியும். அந்த வசதி வேண்டுமா என்று செய்யும்போதே கேளுங்கள். மொத்தமே ஐந்து மணி நேரம்தான் படுக்கிறீர்கள் என்றால் எந்தக் கருவியாலும் ஆறாவது மணியைத் தர முடியாது. மதுவும் சில தூக்க மாத்திரைகளும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும்.

அடுத்து, வேறு காரணங்கள். தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்தசோகை, மனச்சோர்வு, சாப்பிடும் வேறு மருந்துகள், எல்லாமே இதே மந்தத்தைத் தரும். மனச்சோர்வும் தூக்க மூச்சுத்தடையும் ஒன்றன் வேஷத்தை ஒன்று போட்டுக்கொள்வதில் கைதேர்ந்தவை. மறதி மாதத்துக்கு மாதம் கூடினாலோ, பழகிய வழி தவறினாலோ, கணக்கு வழக்கு குழம்பினாலோ, மூச்சுத்தடையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. நரம்பியல் டாக்டரிடம் நினைவுத்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள்.

மிச்சத் தடைகள் இருந்தால் கருவியோடு வேறொன்றைச் சேர்க்கலாம். பக்கவாட்டில் படுக்கப் பழகுவது, எடை குறைப்பது, மூக்கடைப்பைச் சரிசெய்வது. சிலர் சிபாப்பையும் வாய்க்கருவியையும் சேர்த்தே போடுகிறார்கள்; வழி ஏற்கெனவே திறந்திருப்பதால் காற்றழுத்தம் குறைவாகவே போதுமானதாக இருக்கும். எதுவும் எடுபடாவிட்டால் சிபாப்புக்குத் திரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தடைகள் முழுக்க அடங்கிய பிறகும் பகல் தூக்கம் விடாதவர்கள் சிலர் உண்டு. அதற்கெனத் தனி மருந்துகள் இருக்கின்றன, தூக்க மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

பராமரிப்பு

காலையில் குளிர்ந்த நீரும் மென்மையான பிரஷும். சுடுநீர் கருவியை வளைத்துவிடும், பற்பசை கீறிவிடும். டப்பாவில் வைத்துத்தான் மூட வேண்டும். வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது, வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். முதல் ஆண்டு அடிக்கடியும் அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையேனும் பல் டாக்டரிடம் போய்ப் பல்லின் கடிப்பை அளந்துகொள்ளுங்கள். புதிதாகப் பல் அடைத்தாலோ உறை போட்டாலோ கருவி பொருந்தாமல் போகலாம், கையில் கொண்டுபோங்கள். எடை கூடினாலும் குறட்டை திரும்பினாலும் தூக்கப் பரிசோதனையை மறுபடி கேளுங்கள்.

அறுவை சிகிச்சை எதற்காவது போக நேர்ந்தால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் உங்களுக்குத் தூக்க மூச்சுத்தடை இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். மயக்க மருந்தும் கடும் வலிக்குத் தரும் சில மருந்துகளும் தொண்டையைத் தளர்த்துபவை. கருவியை டப்பாவோடு மருத்துவமனைப் பையில் எடுத்து வையுங்கள். சிகிச்சை முடிந்து கண் அசரும் முதல் இரவில் அதைப் போடலாமா, எப்போது போடலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.